கர்நாடக வாத்தியத்தில் பாப் பாட்டு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் வீட்டு மாடியில் வயலின் சொல்லித் தருகிறேன். சனி, ஞாயிறுகளில் ஐந்து பேர் கொண்ட எங்கள் சின்னக் குழுவோடு கல்யாண ரிசப்ஷன், அடுக்குமாடிக் குடியிருப்பு நவராத்திரி, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஆபீஸ் விழா என்று வாசிக்கப் போவேன். வயலின், கீபோர்டு, பேஸ் கிட்டார், மிருதங்கம், கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), இவ்வளவுதான் எங்கள் கூட்டம். கீர்த்தனையும் வாசிப்போம், பாப் பாட்டும் வாசிப்போம், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வருகிற மாதிரியும் வாசிப்போம். மேடையை விட்டு இறங்கியதும் யாராவது வந்து கேட்கிற சந்தேகங்கள் பத்து வருஷமாக ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், ரெண்டையும் கலந்து வாசிக்கிறதுன்னா என்ன? பாப் பாட்டை வயலின்ல வாசிச்சா அது கலந்ததாயிடுமா?

ஆகாது. பாப் பாட்டை வயலினில் அப்படியே வாசித்தால் அது வயலினில் வாசித்த பாப் பாட்டு, அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ரிசப்ஷனில் பாதி நேரம் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். கலப்பது என்றால் ஒன்றின் இலக்கணம் இன்னொன்றின் உள்ளே வேலை செய்ய வேண்டும். ராகத்தின் பிடி, அதாவது அந்த ராகத்தை அடையாளம் காட்டும் சுரக்கோவை, மெட்டுக்குள் வரலாம், கோர்வை (கணக்கு போட்டு முடிக்கும் தாளக் கோவை) ட்ரம்ஸின் எட்டு பாருக்குள் (பார் என்றால் நான்கு அடி) வந்து இறங்கலாம், அல்லது கீர்த்தனையின் பல்லவிக்கு அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு வரி பேசலாம்.

இப்படிப் பண்ணினா சுத்தம் கெட்டுப் போயிடாதா? பெரியவங்க ஒத்துக்குவாங்களா?

இதை அதிகம் கேட்பவர்கள் முன்வரிசையில் உட்காரும் மாமாக்கள். அவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள், அதனால் எனக்குக் கோபம் வருவதில்லை. நான் கையில் வைத்திருக்கும் வயலினையே பதிலாகக் காட்டுவேன். அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய பாண்டு வாசிப்பவரிடம் அதைக் கற்று நம் பாட்டுக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் வடிவேலுவும் அதை வளர்த்தார். முத்துஸ்வாமி தீட்சிதரே வெள்ளைக்கார பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் (பாட்டு வரிகள்) போட்டிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதில் 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவுக்குப் பாடும் கீதத்தின் மெட்டேதான்.

அப்புறம் 1970களில் நம் இசையையும் மேற்கத்திய இசையையும் கலந்த சக்தி குழுவில் எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரோடு உட்கார்ந்தன. அதே குழு 2024இல் கிராமி விருது வாங்கியபோது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் இருந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸும் சாக்ஸஃபோனில் கத்ரி கோபால்நாத்தும் வந்தபோதும் முதலில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், கேட்ட பிறகு அவர்களே முன்வரிசைக்கு வந்தார்கள். கலப்பதால் மட்டும் சுத்தம் கெடுவதில்லை. ராகம் தெரியாமல் வாசித்தால் கெடும், அப்படி வாசித்தால் தனிக் கச்சேரியில்கூடக் கெடும்.

எந்த ராகத்துல ஆரம்பிக்கலாம் அக்கா?

ஹம்சத்வனி. ச ரி க ப நி, ஐந்தே சுரம். (ச சட்ஜம், ரி ரிஷபம், க காந்தாரம், ம மத்யமம், ப பஞ்சமம், த தைவதம், நி நிஷாதம்.) கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, குறைவு, காந்தாரமும் நிஷாதமும் நிமிர்ந்து நிற்கும், கேட்பவர்களுக்கும் உடனே மனதில் ஒட்டும். அடுத்து மோகனம், அதற்கடுத்து சங்கராபரணம். சங்கராபரணத்தின் சுரங்கள்தான் மேற்கத்திய மேஜர் ஸ்கேல், நடபைரவியுடையவை மைனர், கீரவாணியுடையவை ஹார்மோனிக் மைனர். பாப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த வட்டத்துக்குள்ளேயே கிடைக்கும்.

கதனகுதூகலமும் நல்ல தொடக்கம். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் அந்த ராகத்தில் செய்த 'ரகுவம்ச சுதா' துள்ளித் துள்ளிப் போகும், கஹோன் வாசிக்கும் பையனுக்கு ஒன்றுமே விளக்க வேண்டியிருக்காது. தோடி, சகானா, வராளி பக்கம் முதல் இரண்டு வருஷம் போகாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

பாட்டு கல்யாணின்னு கண்டுபிடிச்சாச்சு. கல்யாணி ஆரோகண அவரோகணத்தை (சுரங்கள் ஏறும், இறங்கும் வரிசையை) நடுவுல ஓட்டினா போதும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. ஒரு பாட்டின் சுரங்கள் கல்யாணியின் சுரங்களாக இருப்பது வேறு, அந்தப் பாட்டு கல்யாணியாக இருப்பது வேறு. சுத்த மத்யமத்தின் இடத்தில் அதைவிட அரைச் சுரம் மேலே இருக்கும் பிரதி மத்யமம் வந்துவிட்டதாலேயே கல்யாணி வந்துவிடாது. நிஷாதம் மேல் சட்ஜத்தைத் தொட்டுத் தொட்டு அசைய வேண்டும், ச-வையும் ப-வையும் விட்டுவிட்டு 'க ம த நி', 'நி த ம க' என்று தாவுகிற இடங்கள் வர வேண்டும். அங்கேதான் கேட்பவர் தலையாட்டுகிறார். ஆரோகணத்தை வேகமாக ஓட்டினால் அது வெறும் படிக்கட்டுதான், வீடு இன்னும் மேலே இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக எடுக்கும் பாட்டை முதலில் நோட்டில் சுரமாக எழுதுவோம். எந்தச் சுரம் அசையாமல் நிற்கிறதோ அதைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம், எந்தச் சுரம் அசைகிறதோ அதன் கீழே ஒரு நெளிகோடு. நிற்கிற சுரத்துக்கு மற்ற வாத்தியங்கள் துணை கொடுக்கலாம், அசைகிற சுரம் வந்தால் எல்லோரும் வழி விட்டு ஒதுங்க வேண்டும். கல்யாணிப் பாட்டு ஒன்றில் நோட்டின் ஒரு பக்கத்தில் பதினொரு நெளிகோடு விழுந்தது, அந்தப் பக்கம் முழுக்க கீபோர்டு வாசிப்பவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அரங்கில் அந்த இடத்துக்குத்தான் கைதட்டல் வந்தது. தோடி வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான். அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது, எழுதினால் நோட்டு முழுக்க நெளிகோடாகத்தான் இருக்கும், மற்ற நாலு பேருக்கும் வேலை இருக்காது.

கார்டு போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

போடலாம். கார்டு என்றால் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. எங்கே போடுவது என்பதை மேலே சொன்ன வட்டமும் நெளிகோடும் சொல்லிவிடும். வட்டத்தில் போடுங்கள், நெளிகோட்டில் வேண்டாம். இன்னொரு விதி, கார்டின் மூன்று சுரமும் அந்த ராகத்துக்குள் இருக்க வேண்டும். கல்யாணியில் ச-க-ப கிடைக்கும், ரி-ம-த கிடைக்கும். இந்த இரண்டுக்கும் இடையே மெதுவாகப் போய் வந்துகொண்டு பேஸ் கிட்டார் சட்ஜத்தை விடாமல் பிடித்திருந்தாலே மூன்று நிமிஷம் அலுக்காமல் ஓடும். மோகனத்தில் ச-க-ப, த-ச-க என்று இரண்டுதான். சாருகேசியில் ச-க-ப மேஜராகவும் (மலர்ந்த ஒலி) ம-த-ச மைனராகவும் (சோக ஒலி) விழும், அந்த இரண்டு கார்டுக்கு நடுவில் ஒரு ஏக்கம் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள்.

கார்டை முழுசாக அமுக்காமல் ச-ப மட்டும் வைத்துவிட்டு நடுச்சுரத்தை வயலினுக்கு விட்டுவிடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் நாங்கள் இதைத்தான் செய்வோம்.

பாப் பாட்டுல எல்லாம் அதே நாலு கார்டு சுத்திச் சுத்தி வருதே, அதை அப்படியே வச்சுக்கிட்டா?

நீங்கள் சொல்கிற அந்த நான்கு ச-க-ப, ப-நி-ரி, த-ச-க, ம-த-ச. சங்கராபரணத்துக்குள் நான்கும் அடங்கும், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே ஹம்சத்வனியை வாசித்துக்கொண்டு கீழே இந்த நான்கையும் சுற்றினால் மூன்றாவது கார்டில் தைவதம் வரும், நான்காவதில் மத்யமமும் தைவதமும் வரும், ஹம்சத்வனியில் அவை இரண்டுமே கிடையாது. கேட்பவருக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம், ராகம் கலைந்தது மட்டும் தெரிந்துவிடும். ஹம்சத்வனிக்கு ச-க-ப, ப-நி-ரி, க-ப-நி என்று மூன்று இருக்கிறது, அந்த மூன்றையே சுற்றுங்கள்.

ஹிந்தோளத்துல கார்டு போட்டா பாட்டு வேற எங்கயோ போற மாதிரி இருக்கு, ஏன்?

நல்ல காது உங்களுக்கு. ஹிந்தோளம் ச க ம த நி, அதில் பஞ்சமம் இல்லை. அதனால் சட்ஜத்தின் மேல் கட்ட வேண்டிய கார்டே கிடைக்காது. கிடைப்பது த-ச-க மேஜரும் ம-த-ச மைனரும். இதில் த-ச-க ரொம்பத் தெளிவாக ஒலிப்பதால் காது தைவதத்தையே வீடு என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் வாசிக்கிற சட்ஜத்தை விருந்தாளியாக நினைக்க ஆரம்பித்துவிடும்.

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறோம். பின்னால் ஓயாமல் சுருதி ஒலிக்கும் தம்புராவை ச-ப விட்டு ச-ம என்று மாற்றிக்கொள்வோம். அப்புறம் பேஸ் கிட்டார் ஒவ்வொரு நான்கு பாரின் தொடக்கத்திலும் சட்ஜத்தில் வந்து அழுத்தமாக விழும், நடுவில் அவர் எங்கே போனாலும் சரி. மத்யமாவதிக்கும் கிட்டத்தட்ட இதே தொல்லைதான். அதில் காந்தாரம் இல்லை, அதனால் ச-ப மட்டும் வைத்துப் பக்கத்தில் ரி அல்லது ம ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்புராவும் கீபோர்டும் சேர்ந்து ஒலிச்சா ஏதோ உரசுதே. ரெண்டும் சுருதி சரியாத்தான் இருக்கு.

சரியாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே அளவுகோலில் இல்லை. கீபோர்டில் ஒரு ஸ்தாயியை (ச-விலிருந்து மேல் ச வரை) பன்னிரண்டு சமபங்காக வெட்டியிருக்கிறார்கள். ஒரு பங்கை நூறாகப் பிரித்தால் கீபோர்டின் அந்தர காந்தாரம் (இரண்டு காந்தாரங்களில் மேலே இருப்பது) சட்ஜத்திலிருந்து 400இல் நிற்கிறது. தம்புராவை நன்றாக மீட்டினால் அதற்குள்ளிருந்தே தானாக எழும்பும் காந்தாரம் 386இல் நிற்கிறது. அந்த 14தான் உங்கள் காதில் உரசுகிறது. பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டே இரண்டு, அதனால் அங்கே உரசல் தெரியாது.

ஆலாபனை மாதிரி விரிக்கிற இடத்தில் தம்புராவும் வயலினும் மட்டும் போதும், கீபோர்டு வேண்டாம். தாளம் தொடங்கி கார்டு வந்ததும் தம்புராவின் ஒலியைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள், வயலின்காரர் காந்தாரத்தை மயிரிழை ஏற்றி கீபோர்டோடு சேர்ந்துகொள்ளலாம். கார்டில் நடுச்சுரத்தை விட்டுவிடச் சொன்னேனே, அது இதற்கும் மருந்து.

என்ன சுருதி வச்சுக்கறது? கீபோர்டு பையன் ஜி-ங்கறான், மிருதங்கக்காரர் கட்டைங்கறார்.

இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டைகள் இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள். இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி கீபோர்டில் ஒட்டி வையுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும். நாங்கள் பெரும்பாலும் 5 கட்டை வைக்கிறோம். மேற்கத்திய வயலின் சுருதி ஜி-டி-ஏ-இ, நம்முடைய ச-ப-ச-ப 5 கட்டையில் ஜி-டி-ஜி-டி. மேலிரண்டு கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும், கம்பி தளர்ந்து முனகாது.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஜெயநகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் முதல் பாட்டு தொடங்கிய வினாடியே எல்லாம் அரைக் கட்டை பிசகி ஒலித்தது. கீபோர்டில் முந்தைய நாள் யாருக்கோ அழுத்திய, சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் ஒன்று ஏறியபடியே இருந்திருக்கிறது, நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மணமக்கள் மேடையேறிக்கொண்டிருந்தார்கள். அந்த இருபது வினாடி இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கே போனாலும் திரை விலகுமுன் ஐந்து பேரும் சட்ஜத்தை ஒரே ஒரு முறை சேர்த்து வாசிப்பது எங்களுக்குச் சாமி கும்பிடுவது மாதிரி.

கீபோர்டுல கமகம் வருமா வராதா?

வரும். கீபோர்டு சத்யநாராயணன் கச்சேரியே செய்கிறார், கேட்டால் உங்களுக்கே தெரியும். பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடது கையால் உருட்டி சுரத்தை வளைக்கிறார்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் அது மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம் போகும்படி வைத்திருப்பார்கள், அது ஒரு முழுச் சுரம், பழகத் தொடங்க அது போதும். ஆனால் இடது கை சக்கரத்துக்குப் போய்விட்டால் கார்டு போட கை இல்லை, சாதாரணக் கீபோர்டில் சக்கரத்தை உருட்டினால் பிடித்திருக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்தே வளையும். அதனால் குழுவில் வயலினோ புல்லாங்குழலோ வீணையோ இருந்தால் கமகத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, கீபோர்டை நிற்கிற சுரங்களுக்கு வைத்துக்கொள்வதுதான் சுலபம்.

அப்போ இதுக்கு எந்த வாத்தியம் தோது?

சுரத்தை இழுக்கவும் வளைக்கவும் முடிகிற எதுவும் தோது. வீணை அருமை, ஆனால் அதன் ஒலி மீட்டிய பிறகு மெல்ல அடங்கும், ட்ரம்ஸ் பக்கத்தில் இருந்தால் அந்த அடங்கல் கேட்காது, அதனால் வீணை வாசிக்கும்போது தாளத்தைக் குறைக்க வேண்டும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வழக்கமான எட்டுக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்த எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்தார். ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒன்று போல ஏறாது, கமகம் தெளியாது. எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. மைக் இல்லாத காலத்தில் கூட்டத்தின் கடைசி வரைக்கும் கேட்க வேண்டும் என்று மைசூர் சௌடையா ஏழு கம்பி வயலின் வைத்துக்கொண்டார். மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவத்திலேயே கட்டியிருக்கும் அரங்கம் அவர் பேரில்தான் இருக்கிறது. தேவைக்கு வாத்தியத்தை மாற்றிக்கொள்வது நம் வித்வான்களுக்குப் புதிதல்ல.

மிருதங்கமும் ட்ரம்ஸும் சேர்ந்தா சத்தமாத்தானே இருக்கும்?

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்தால் சத்தம்தான். கஹோன் பாரின் முதல் அடியும் மூன்றாம் அடியும் மட்டும் அடிக்கட்டும், இடையில் இருக்கிற காலியிடமெல்லாம் மிருதங்கத்துடையது. பல்லவி முடிந்து பாட்டு பெரிதாக விரியும் இடத்தில் கஹோன் முழுசாக வரட்டும், மிருதங்கம் சும்மா சர்வலகு (சீரான எளிய நடை) சொல்லட்டும். தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிக்கும் இடம்) மாதிரி எட்டு பார் கொடுத்தால் அதில் கஹோன் ஒன்றும் செய்யக்கூடாது, கையால் தாளம் மட்டும் போடலாம்.

தாளக் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? கோர்வை வச்சா பாட்டு நழுவுது.

பாப் பாட்டு பெரும்பாலும் 4/4, அதாவது பாருக்கு நான்கு அடி, ஆதி தாளம் எட்டு அடி. அதாவது இரண்டு பார் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று), பாட்டின் எட்டு பார் பகுதி ஒன்று நான்கு ஆவர்த்தனம். கணக்கு இவ்வளவு சுலபமாக ஒத்துப்போவது ஒரு வரம் என்றே நினைக்கிறேன். நழுவுவதற்குக் காரணம், கோர்வை எங்கே முடிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யாமல் எங்கே தொடங்குவது என்று யோசிப்பதுதான். பின்னாலிருந்து எண்ணுங்கள். அடிக்கு நான்கு மாத்திரை, ஒரு பாரில் 16 மாத்திரை. 'தா தி கி ண தொம்' ஐந்து, மூன்று முறை சொன்னால் பதினைந்து. பாரின் முதல் மாத்திரையை விட்டுவிட்டு இரண்டாவதில் எடுத்தால் அடுத்த பாரின் முதல் அடியில் பாட்டு வந்து உட்காரும். பேஸ் கிட்டார் பையனுக்கு நான் சொன்னது 'ஒரு மூச்சு விட்டுட்டு எடு' என்பது மட்டும்தான், முதல் ஒத்திகையிலேயே பிடித்துக்கொண்டான்.

மிஸ்ர சாபு (ஏழு அடித் தாளம்) ஆசைப்படுகிறவர்களுக்கு: எட்டு அடி மெட்டில் ஒரு அடியைப் பிடுங்கி ஏழாக்கினால் சில பாட்டுகள் புது உயிர் பெறும், சில பாட்டுகள் நொண்டும். வார்த்தையை மனதுக்குள் பாடிக்கொண்டே தாளம் போட்டுப் பாருங்கள், நொண்டினால் விட்டுவிடுங்கள்.

கிளிக் வச்சு வாசிக்கணுமா? எங்க மிருதங்க சார் அது காதுல விழுந்தா கோபப்படறார்.

கிளிக் என்பது வேகம் மாறாமலிருக்கக் காதில் ஒலிக்கும் டிக்-டிக். ரெக்கார்டிங் என்றால் வேண்டும், ஏனென்றால் பின்னால் ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து தன் பகுதியைச் சேர்க்க வேண்டியிருக்கும். மேடையில் கிளிக் இல்லாமல் வாசிக்கவே எனக்குப் பிடிக்கும். நல்ல மிருதங்கக்காரரின் காலப்பிரமாணம் (தாள வேகம்) அசையாது, அவரே கிளிக்தான். ரெக்கார்டிங்கிலும் தாளமில்லாத தொடக்க விருத்தப் பகுதியைக் கிளிக் இல்லாமல் எடுத்துவிட்டு, தாளம் தொடங்கும் இடத்திலிருந்து அதைப் போடுங்கள், சார் கோபம் பாதி குறையும்.

பாப் பாட்டுல கடைசியில அரைக் கட்டை ஏத்துவாங்களே, அதை வயலின்ல பண்ணலாமா?

வயலினில் பண்ணலாம். மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கம்) சட்ஜத்துக்குச் சேர்த்தது, அதை நடுப்பாட்டில் அரைக் கட்டை ஏற்ற முடியாது. தம்புராவும் பழைய இடத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் நிறுத்திவிட்டு ஏற்றினால் பாட்டின் உச்சத்தில் கீழ்த்தளம் காணாமல் போகும், அது சரியாக வருவதில்லை.

அதே கிளர்ச்சி வேண்டுமென்றால் கிரக பேதம் இருக்கிறது. சுரங்களை மாற்றாமல் சட்ஜத்தின் இடத்தை மட்டும் மாற்றுவது. மோகனத்தின் காந்தாரத்தைச் சட்ஜமாகப் பிடித்தால் ஹிந்தோளம் வரும், ரிஷபத்தைப் பிடித்தால் மத்யமாவதி, பஞ்சமத்தைப் பிடித்தால் சுத்த சாவேரி, தைவதத்தைப் பிடித்தால் சுத்த தன்யாசி. நாங்கள் ஒரு மோகனப் பாட்டில் எட்டு பாருக்கு ஹிந்தோளம் காட்டிவிட்டு மோகனத்துக்குத் திரும்புவோம். திரும்புகிற அந்த முதல் ச-க-ப கார்டில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். ஹிந்தோளம் காட்டும்போது கீபோர்டு பேசக்கூடாது, காரணம் மேலே ஹிந்தோளக் கேள்வியில் இருக்கிறது.

மைக் வச்சா வயலின் கீச்சுன்னு கேக்குது, என்ன பண்றது?

வயலினின் பிரிட்ஜில் ஒட்டும் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சிறு கருவி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நேராக மிக்ஸரில் சொருகாமல் நடுவில் ஒரு ப்ரீ-ஆம்ப் (ஒலியைச் சரிசெய்து ஏற்றும் சிறு பெட்டி) வையுங்கள், கீச்சு முக்கால்வாசி அதிலேயே போகும். மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனி மைக். அப்புறம் மானிட்டரில் (வாசிப்பவர் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கர்) உங்களுக்குத் தம்புரா கேட்க வேண்டும், இதை மைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே எங்களுக்கு அடிக்கடி வரும் அண்ணன் 'ஜாஸ்தி மாட்லா மேடம்?' (கூட்டட்டுமா மேடம்?) என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் ஏற்றுவார், நான் 'தம்புரா மாத்ரா' (தம்புரா மட்டும்) என்று சொல்லிச் சொல்லி இப்போது அவரே முதலில் அதைத்தான் வைக்கிறார்.

என் பொண்ணு இன்னும் வர்ணமே முடிக்கலை. இதை ஆரம்பிக்கலாமா மிஸ்?

பாப் மெட்டு வாசிக்கலாம், தடுக்க மாட்டேன், அந்த ஆசையில்தான் நிறையக் குழந்தைகள் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் ராகத்தோடு கலப்பதை வர்ணம் வரும்வரை தள்ளிப்போடுங்கள். ஒரு ராகத்தின் பிடிகளெல்லாம் வர்ணத்துக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நெளிகோடு எங்கே போடுவது என்று கை தானாகக் கற்றுக்கொள்வது அங்கேதான். மோகன வர்ணம் இரண்டு காலத்தில் (வேகத்தில்) ஒழுங்காக வந்துவிட்டால் மோகனத்தில் ஒரு பாட்டு நானே சேர்த்துத் தருகிறேன்.

யூடியூப்ல போட்டா காப்பிரைட் வருமா? கல்யாணத்துல வாசிச்சா?

கீர்த்தனைக்கும் பாப் பாட்டுக்கும் பதில் வேறு. இந்தியச் சட்டப்படி ஒரு இசைப் படைப்பின் உரிமை, ஆக்கியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். தியாகராஜர் 1847இல் மறைந்தார், அவரையும் சேர்த்து மும்மூர்த்திகளின் பாட்டுகள் எல்லோருக்கும் பொது. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. கர்நாடக இசைதானே என்று பலர் இதைக் கவனிப்பதில்லை.

பாப் பாட்டை கவர் செய்ய (பிறர் பாட்டை நாம் வாசித்துப் பதிவு செய்ய) காப்பிரைட் சட்டத்தின் 2012 திருத்தத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும். அப்படியும் பாட்டைத் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் மாற்ற அனுமதி இல்லை. நாம் செய்வதே மாற்றுவதுதான், அதனால் உரிமையாளரிடம் நேரடியாக எழுதி அனுமதி வாங்குவதே சரியான வழி. ஒலிப்பதிவின் உரிமை தனி, அசல் ட்ராக்கை ஓடவிட்டு அதன் மேல் வாசிக்கவே வேண்டாம். கல்யாணத்துக்கும் அதோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் நேரில் வாசிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதை வீடியோ எடுத்துப் பதிவேற்றினால் அதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

ரிசப்ஷன்ல யாரும் கேக்கறதே இல்லையே, இவ்வளவு மெனக்கெடணுமா?

கேட்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே கேட்கிறார்கள். இந்த ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும், நடுவில் புரந்தரதாசரின் ஒரு தேவரநாமா (கன்னட பக்திப் பாட்டு) எடுத்தால் கடைசி வரிசைப் பாட்டி ஒருவர் கூடவே பாடுவார். ஒரு முறை பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பையன் கையில் ரசவாளியோடு நின்றுவிட்டான். எட்டு பார் ஹம்சத்வனி முடிகிறவரை நின்றான், அப்புறம் மேலாளர் கூப்பிட்டார், போனான். எங்களுக்கு அது போதும்.

கடைசியா ஒண்ணு. பாட்டை எப்படி முடிக்கிறது? ரெக்கார்டுல மெல்ல மெல்லத் தேஞ்சு போகுமே, மேடையில அது வராதே.

வராது, முயலவும் வேண்டாம். நாங்கள் பல்லவியின் முதல் வரியை மூன்று முறை வாசிப்போம், முதலில் எல்லோரும், இரண்டாவதில் தாள வாத்தியம் இல்லாமல், மூன்றாவதில் வயலின் மட்டும், அதுவும் பாதி வேகத்தில், பாப் மெட்டாக இருந்தது முழுக்க முழுக்க ராகமாகிவிடுகிற மாதிரி. மேல் சட்ஜத்தில் நிற்கும்போது மிருதங்கக்காரர் வலந்தலையில் ஒரே ஒரு மீட்டு கொடுப்பார். வில்லை எடுத்த பிறகும் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கும், நாலு எண்ணி அதையும் மெதுவாகத் தணித்து அணைப்போம்.